ஒரு வாய்க்கால், மூன்று நல்ல நாள்

பெத்மா என்றால் என்னவென்று கேட்டு எங்கள் ஊருக்கு ஆட்கள் வருவார்கள். சிலர் கமராவோடும் வருவார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் எல்லா வயலையும் செய்ய முடியாது. அதனால் குளத்துக்குக் கிட்ட இருக்கிற வயல்களை மட்டும் செய்வார்கள். தூரத்து வயல்காரருக்கும் அந்த ஒரு போகத்துக்கு அதில் ஒரு துண்டு பிரித்துக் கொடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் காணி பழையபடி சொந்தக்காரனிடம் போய்விடும். இதுதான் பெத்மா. சிங்களச் சொல், நாங்களும் அப்படியே சொல்கிறோம். வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, முன்னோர் எவ்வளவு அறிவாக யோசித்திருக்கிறார்கள் என்று சொல்லி வாகனத்தில் ஏறிப் போவார்கள். முன்னோர் யோசித்திருக்கலாம். நான் அந்த முறையில் ஒரு சிறுபோகம், அதாவது ஒரு கோடை வெள்ளாமை, செய்தவள். என்ன நடந்ததென்று என்னிடம் கேளுங்கள்.

எங்கள் காணி தம்பலகாமத்தில், வாய்க்காலின் கடைசிக்குக் கிட்ட இருக்கிறது. கந்தளாய்க் குளத்தில் திறக்கிற தண்ணீர் மேலே உள்ளவர்களுடைய வயலையெல்லாம் நனைத்து மிஞ்சியதுதான் எங்களுக்கு வரும். நல்ல வருடத்தில் அது போதும். அந்த வருடம் நல்ல வருடமில்லை. மாரி மழை ஏமாற்றிவிட்டது. குளத்தின் நடுவில் பட்ட மரங்கள் வெளியே தெரிந்தன.

வீட்டிலும் ஒரு பஞ்சம் இருந்தது. என்னுடைய மனுசனுக்கு இதயம் பழுதாகி இரண்டாவது வருடம். முன்பு மண்வெட்டியோடு வயலுக்குள் இறங்கினால் பொழுது சாயும்வரை ஏறாத ஆள். இப்போது ஒரு நாளைக்கு ஒரு வேலைக்குத்தான் உடம்பில் சீவன் இருந்தது. குளித்தால் அன்று நடக்க ஏலாது. நடந்தால் அன்று குளிக்க ஏலாது. காலையில் கட்டிலில் இருந்தபடி என்னிடம் கேட்பார்:

"இண்டைக்கு என்ன? குளிக்கிறதா, கடைச் சந்திக்குப் போறதா?"

"நாத்தத்தோட சந்திக்குப் போய் என்ன செய்யப் போறீங்க? குளியுங்க."

"அப்ப நாளைக்கு மணத்தோட போறன்."

கால் வீங்கும் என்று தண்ணீரையும் டொக்டர் அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார். வெயிலுக்குள் இருக்கிற மனுசனுக்கு அது எப்படி இருக்கும் என்று டொக்டருக்குத் தெரியுமோ தெரியாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வருமானம் வயல் ஒன்றுதான். அதனால் இரண்டு பேரும் இருந்து கதைத்து ஒரு முடிவு எடுத்தோம். இந்தச் சிறுபோகத்து நெல் வீட்டுக்கு வந்தால் நான் அவரோடு நிற்பேன். வராவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவேன். எனக்கு இன்னும் வயது இருந்தது. அடுத்த வருடம் வயது கடந்துவிடும், எடுக்க மாட்டார்கள். நான் போனால் அவருக்குச் சோறு போட, மருந்து எடுத்துக் கொடுக்க, மூச்சு வாங்கினால் முதுகைத் தடவிவிட ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் இது தெரியும்.

போகத்துக்கு முன் கூட்டம் வைத்தார்கள். பெரிய மண்டபம். சிங்களவர், முஸ்லிம்கள், நாங்கள் எல்லோரும் இருந்தோம். நீர்ப்பாசன அதிகாரி எழும்பி முறையைச் சொன்னார். மேல் வயல் மட்டும்தான் செய்யலாம். சித்திரை பிறக்க முதல் தண்ணீர் திறக்கும். உழவுக்கென்று சில நாட்கள் விடுவார்கள், பிறகு முறை வைத்து விடுவார்கள். எல்லோரும் மூன்று மாத நெல் போட வேண்டும், அதுவும் ஒரே கிழமைக்குள் விதைக்க வேண்டும். பயிரெல்லாம் ஒரே வயதில் நின்றால்தான் கடைசித் தண்ணீர் எல்லோருக்கும் சரிவரும். நியாயமான கதைதான். அந்த ஆளில் ஒரு பிழையும் இல்லை.

நான் எழும்பினேன். "சேர், அதுக்குள்ள வருசப்பிறப்பு வருது. நோன்பும் வருது. எப்பிடி எல்லாரும் ஒரு கிழமைக்குள்ள விதைக்கிறது?"

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான், "அக்கா, இருங்க. பணிஸ் காயப் போகுது."

சபை சிரித்தது. தேநீரும் பணிசும் வாசலில் வந்து நின்றது உண்மை. சம்மதமா என்று கேட்டார்கள். எல்லாக் கையும் மேலே போனது. கை தூக்குகிறதில் எங்கள் மாவட்டத்து ஆட்களை ஒருவரும் வெல்ல ஏலாது.

எனக்குக் கிடைத்த துண்டு கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவர் ஒருவருடைய காணியில். கடைத்தெருவில் பழகிய தமிழ் அவருக்கு. அந்தக் காணியை மூன்றாகப் பிரித்தார்கள். வாய்க்காலோடு ஒட்டிய மேல் துண்டு அவருக்கு. நடுத் துண்டு கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணனுக்கு; காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சொந்த வயலும் எங்களைப் போல வாய்க்காலின் கடைசியில்தான். கீழ்த் துண்டு எனக்கு. கயிறு பிடித்து அளந்து, சேற்று மண்ணால் தற்காலிக வரம்பு போட்டோம்.

"கீழ இரிக்கிற ஆளுக்கு தண்ணி கடைசிலதான் மாத்தயா போகும்," என்று காக்கா சொந்தக்காரரிடம் சொன்னார்.

"தண்ணி மேல இருந்து கீழதானே போறது காக்கா. நான் சொன்னா மேல ஏறுமா?"

காக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய துண்டுக்குத் தனி வாய்க்கால் இல்லை. சொந்தக்காரருடைய வயலுக்குள்ளால் போய், காக்காவுடைய வயலுக்குள்ளால் போய், வரம்பில் வெட்டி வைத்த வக்கடையால்தான் எனக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். ஓரத்தால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுவோம், நானே வெட்டுகிறேன் என்று சொன்னேன்.

"ஒரு போகம்தானே தங்கச்சி. பிறகு அதை மூடுறது யாரு? தம்பலகாமத்தில இருந்து நீங்க வருவீங்களா மூட?"

அவருடைய காணி, அவருடைய பேச்சு. ஒரு போகத்துக்கு வந்தவள் அடுத்தவன் காணியில் வாய்க்கால் வெட்ட முடியுமா? பெத்மா நிலத்தில் எவனும் எரு போட மாட்டான், மேடு பள்ளம் பார்க்க மாட்டான், வரம்பை இறுக்கிக் கட்டமாட்டான். அறுவடை முடியப் போகப் போகிறவன் ஏன் செய்வான்? சொந்தக்காரனும் செய்ய மாட்டான், ஏனென்றால் அந்தப் போகம் அது அவனுடையதும் இல்லை. இதைக் கமராக்காரர்களிடம் ஒருவரும் சொல்வதில்லை.

சொன்னபடி தண்ணீர் திறந்தார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தது. ஒருவரும் விதைக்கவில்லை.

சொந்தக்காரர் நெகத் பார்த்தார். வருடப்பிறப்பு முடிந்து வேலை தொடங்குவதற்கு அவர்களுக்கு ஒரு நல்ல நேரம் உண்டு. அதற்கு முதல் மண்வெட்டியைத் தொடமாட்டாராம். ஆனால் அந்த நேரம் வந்தவுடனே இறங்கினார். உழுதார், விதைத்தார், முடித்தார். மூன்று பேரில் அவர்தான் முதல்.

காக்கா நோன்பில் இருந்தார். "தண்ணி வெண்ணி இல்லாம இந்த வெயிலுக்க சேத்துல எறங்க ஏலா தங்கச்சி. உழுறவனும் நோன்பு. மயங்கி உழுந்தா ஆரு தூக்குற? பெருநாள் முடியட்டும். ரெண்டு நாளில முடிச்சிருவன், இன்ஷா அல்லாஹ்." சொன்னபடி பெருநாள் முடிந்ததும் வந்தார். அவரையும் குறை சொல்ல ஏலாது. உடம்பில் உள்ளதைத்தானே செலவழிக்கலாம்.

என்னுடைய கதைதான் மோசம். எங்கள் உழவு என் மனுசனுடைய அண்ணனின் கையில் இருந்தது. லான்ட்மாஸ்டர் உழவு மெசின் அவருடையது. விதைநெல்லும் அவருடைய வீட்டில்தான். வருடம் பிறந்த கையோடு கரிநாள் என்றார். கரிநாளில் விதைத்தால் வீட்டுக்கு ஆகாதாம்.

"அத்தான், வாய்க்கால்ல தண்ணி ஓடுது. தண்ணி கரிநாள் பாக்குதா?"

"தம்பி கிடக்கிற கிடைக்கு நீ இந்தக் கதை கதைக்கிறாய். ஏதும் நடந்தா ஊர் என்னைத்தான் கேக்கும்."

"அப்ப இப்ப விதைப்பம். நல்ல நாள் வரேக்க ஒரு பிடியை மூலையில போட்டு நாள் விதைப்பு எண்டு வைப்பம்."

"முதல் நெல்லு நல்ல நாளில விழ வேணும். நீ தலைகீழாச் செய்யச் சொல்லுறாய்."

கரிநாள் முடிந்தது. பிறகு அட்டமி. அதற்குப் பிறகு நவமி. அதுவும் போனபின் பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பார்த்து, என் மனுசனுடைய ராசிக்குச் சந்திராட்டமம் என்றார். கட்டிலில் கிடந்த மனுசன் தலையைத் தூக்கினார்.

"அண்ணே, எனக்கு எல்லா நாளும் சந்திராட்டமம்தான். போய் விதையுங்க."

அண்ணன் அசையவில்லை. எனக்கு மெசின் இல்லை. கூலிக்குப் பிடிப்போம் என்றால் மெசின்காரன் எல்லாம் வருடப்பிறப்புக்கு வீட்டில் குடித்துவிட்டுக் கிடந்தான். கடைசியில் நல்ல நாள் வந்து நான் விதைத்தபோது உழவுத் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. காக்காவின் வரம்பால் கசிந்து வந்த ஈரத்தில்தான் என் நெல் முளைத்தது.

பிறகு கிழமையில் பாதி நாள் பஸ் ஏறிப் போவேன். புல்லுப் பிடுங்கினேன், வரம்பு கட்டினேன். பயிர் நன்றாகத்தான் வந்தது. அதுதான் கூடக் கோபம். மண் நல்ல மண். மூன்று துண்டும் மூன்று நிறத்தில் நின்றது. மேலே பழுக்கத் தொடங்கும்போது நடுவில் கதிர் வளையத் தொடங்கியது. எனக்கு அப்போதுதான் கதிர் வெளியே எட்டிப் பார்த்தது.

காக்கா வரம்பில் இருந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "மாத்தயாட புள்ள படிச்சி முடிச்சிட்டு. என்ட புள்ள பத்தாம் வகுப்பு. ஒங்கட புள்ள இன்னும் நேசரில இரிக்கி."

"நேசரிப் பிள்ளைக்குத்தான் காக்கா பால் வேணும்."

"அது மெய்தான்," என்றார். சிரிப்பை விட்டுவிட்டார்.

நெல்லுக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய காலம் ஒன்று உண்டு. கதிர் வந்து பூத்துப் பால் பிடிக்கிற அந்தக் கொஞ்ச நாள். அதற்குமுன் காய்ந்தால் தாங்கும். அதற்குப் பிறகு காய்ந்தாலும் தாங்கும். அந்த நேரம் காய்ந்தால் கதிருக்குள் ஒன்றும் இருக்காது. குளத்தில் கடைசித் தண்ணீர் திறந்தது சரியாக என்னுடைய பயிர் அந்தக் கட்டத்தில் நின்றபோதுதான். ஆனால் சொந்தக்காரருடைய நெல் பழுத்து வெட்டுக்கு நின்றது. அவருடைய வக்கடை மண்போட்டு இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவரிடம் போய், அண்ணன் என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கேட்டேன். "அய்யே, இண்டைக்கு மட்டும் திறந்து விடுங்க. எனக்குப் போய்ச் சேர்ந்த உடனே அடைப்பம்."

"தங்கச்சி, நாளைக்கு வெட்டு மெசின் வாறது. பொலனறுவையில இருந்து வாறது. ஈரமா இருந்தா மெசின் புதையும். இந்த முறை விட்டா மெசின் திரும்பி வராது. என்ட நெல்லு கொட்டும்."

"என்ர நெல்லு பால் பிடிக்காது."

"எனக்குத் தெரியும். நான் என்ன செய்றது?"

அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் மோசமான ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், வாய் நிறையத் திட்டியிருப்பேன்.

காக்கா நடுவில் நின்று, தன்னுடைய துண்டுக்குள்ளால் விடலாம், தான் சமாளிப்பதாகச் சொன்னார். ஆனால் அவருக்கும் தண்ணீர் சொந்தக்காரருடைய வயலுக்குள்ளால்தான் வர வேண்டும். அந்த நேரம் வட்டவிதானை வந்தார். வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பான எங்கள் ஆள். குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றார்.

"கூட்டத்தில எல்லாரும் கை தூக்கினதுதானே, ஒரே கிழமையில விதைக்கிறம் எண்டு," என்றார்.

"ஓம், தூக்கினது. நீங்களும் தூக்கினீங்க. நீங்க எப்ப விதைச்சனீங்க?"

குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "அதை இப்ப என்னத்துக்கு?"

"அப்ப எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

"இப்ப வாய்க்கால் வெட்டுறதெண்டா ஆர்ர நெல்லுக்குள்ளால வெட்டுறது? நீங்களே சொல்லுங்க."

தண்ணீர் எங்கள் மூன்று பேரையும் கடந்து போனது. அந்தப் பக்கம் முழுக்க முந்தி விதைத்தவர்கள் எல்லாம் வக்கடையை அடைத்திருந்தார்கள். வாங்க ஆளில்லாமல் அது கீழே, வயலில் மிஞ்சிய தண்ணீர் போகிற வடிச்சல் ஆற்றில் விழுந்து, எங்கள் ஊரின் காய்ந்த வயல்களைக் கடந்து கடலுக்குப் போனது. குளத்தில் தண்ணீர் இல்லை என்றுதானே பெத்மா செய்தோம். அந்தக் கடைசித் தண்ணீரை நாங்கள் திருகோணமலைத் துறைமுகத்து மீனுக்குக் கொடுத்தோம்.

காக்கா போய், மத்தியானத்துக்குள் தன்னுடைய தண்ணீர் மெசினை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மண்ணெண்ணெயும் அவரே கொண்டு வந்தார். வடிச்சலுக்குள் மண் மூட்டை போட்டு மறித்து, குழாயை என் துண்டுக்கு இழுத்தோம். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஏறியது. வெடித்திருந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. துண்டில் பாதி நனைந்திருக்கும், அந்த நேரம் மேலே குளத்துக் கதவை இறக்கிவிட்டார்கள். வடிச்சல் இறங்கியது. குழாய் சேற்றை உறிஞ்சி இருமியது. காக்கா மெசினை நிறுத்தினார்.

"இவ்வளவுதான் தங்கச்சி."

சொந்தக்காரருடைய நெல்லை மறுநாள் மெசின் வெட்டியது. நல்ல விளைச்சல். காக்காவும் பிறகு வெட்டினார், பரவாயில்லை. என்னுடைய கதிர்கள் வெள்ளையாக நிமிர்ந்து நின்றன. உள்ளே மணி இருந்தால் கதிர் வளையும். நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், ஒரு நெல்லில் இருந்தால் பத்தில் இல்லை. நனைந்த பாதியிலும் காலம் பிந்திவிட்டது. மெசின்காரன் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குள்ள விட்டா டீசல்தான் நட்டம்" என்று மெசினைத் திருப்பினான்.

சொந்தக்காரர் வந்து, தன்னுடைய மாடுகளை விடட்டுமா என்று கேட்டார். விடுங்கள் என்றேன். ஒரு போகம் முழுக்க நான் மாட்டைக் கல்லெடுத்து விரட்டிய துண்டு. அவை வந்து ஆறுதலாக மேய்ந்தன. அவர் தன்னுடைய நெல்லில் ஒரு மூட்டையை என் பக்கம் வைத்தார். வாங்கினேன். மானம் பார்க்க வீட்டில் அரிசி இல்லை.

மனுசனுடைய அண்ணன் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "நாள் பிழைக்கேல்ல. தண்ணிதான் பிழைச்சது."

என் மனுசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திருகோணமலைக்குப் போய், குவைத் பயணத்துக்கு மெடிக்கல் செய்தேன். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள், கண் பார்த்தார்கள், கையை மடக்கி நீட்டச் சொன்னார்கள். "நல்ல உடம்பு, ஒரு குறையும் இல்ல" என்று அங்கிருந்த பிள்ளை சந்தோசமாகச் சொன்னது. சேற்றில் நின்று வளர்த்த உடம்பு. அதைத்தான் இனி அனுப்பலாம், அனுப்ப வேறு ஒன்றும் எங்களிடம் இல்லை.

திரும்பி வந்தபோது வீடு கூட்டியிருந்தது. குசினியில் சோறு வடித்திருந்தது. பருப்பும் வைத்திருந்தார். மனுசன் தரையில் கிடந்தார். உதடு நீலம். மூச்சு நாய் மாதிரி இரைத்தது. தூக்கி நிமிர்த்திச் சுவரில் சாய்த்தேன். கத்தினேன்.

"ஆர் உங்களை இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"நீ போகேக்க ஏலுமோ எண்டு செய்து பாத்தனான்," என்றார். மூச்சு கொஞ்சம் அடங்கியதும், "ஏலாது போல," என்றார்.

அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன். அவருக்கு இறங்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் அவரால் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. அப்படியிருந்தும் போனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவேளைச் சோறு கொடுப்பதாக ஏற்பாடு. மற்ற வேளைக்கு ஏற்பாடு இல்லை.

நான் இங்கே குவைத்துக்கு வந்த பிறகு மாரி கொட்டியதாம். குளம் நிரம்பி வான்கதவால் வழிந்ததாம். அடுத்த சிறுபோகத்துக்குப் பெத்மா தேவைப்படவில்லை. வாய்க்காலின் கடைசி வரைக்கும் தண்ணீர் விட்டார்கள். அவர்தான் போனில் சொன்னார்.

"எங்கட வயலில வரம்பு தட்டத் தண்ணி நிக்குதாம்."

"ஆர் செய்யிறது?"

"ஒருத்தரும் இல்ல. அண்ணன் தன்ர காணியிலயே பாதிதான் விதைச்சவர். ஆள் இல்ல. சும்மா கிடக்கு."

"நீங்க போய்ப் பாத்தனீங்களா?"

"இல்ல. சொன்னவங்கள்."

எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் அந்த வயலில் கேட்கும். அவ்வளவு தூரம்தான். அவருக்கு இருமல் தொடங்கியது. போனை வைக்கச் சொன்னேன்.